காகத்துக்குப் போடாத ஈரல்

தேடத் தெரியாதவர்களைக் கண்டால் அந்தக் காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்து மருத்துவக் கட்டுரைகளின் பட்டியல் முழுவதும் கணினியில் இலவசமாகத் திறந்து கிடக்கும். இவர்கள் அதன் பெட்டிக்குள் 'பிள்ளைகளுக்கு ஏன் வயிற்றோட்டம் வருகிறது' என்று ஒரு முழு வசனத்தைத் தட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள். பட்டம் வாங்கிய வைத்தியர்களும் இதைத்தான் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பிறகு பொறுக்க முடியாமல், "எழும்புங்க சேர், நான் தேடித் தாறன்" என்று கதிரையைப் பிடித்துவிடுவேன்.

பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் ஆய்வு அலுவலகம் இருந்தது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புத்தளத்தில் முகாம்களில் இருந்தவர்களின் சுகாதாரம் பற்றிய ஆய்வு. நான் அதில் உதவியாளர். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவதும், அதில் தெரிந்த நோய்களைப் பற்றி உலகத்தில் வேறு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி எடுப்பதும் என் வேலை. கொழும்பில் ஒரு நூலகத்தில் தேடலுக்கென்றே இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். அதை முடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து, இந்த மாவட்டத்திலேயே தேடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு நினைப்பு.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேள்வியை முதலில் துண்டு துண்டாக உடைக்க வேண்டும். யாருக்கு, என்ன வந்தது, எதனால். ஒவ்வொரு துண்டுக்கும் வைத்தியர்கள் எழுதக்கூடிய பெயர்கள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, ஒரே பொருள் தருபவற்றை 'அல்லது' போட்டுக் கோர்க்க வேண்டும். பிறகு துண்டுகளை 'மற்றும்' போட்டு ஒன்றாக்க வேண்டும். பட்டியலை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் தாங்களே தலைப்புகள் இட்டு வைத்திருப்பார்கள். பெரிய தலைப்பு மேலே, அதன் கீழே சிறியவை, அதற்கும் கீழே இன்னும் சிறியவை என்று அது கிளைவிட்டுக்கொண்டு போகும். கீழே இறங்க இறங்கக் கட்டுரைகள் குறையும். எனக்கு அந்த இறக்கத்தில்தான் ஆசை. ஆயிரத்தைப் பத்தாக்கிவிட்டால் அன்று முழுவதும் மிதப்பில் திரிவேன். ஒன்றும் பொருந்தாவிட்டால் மேலே ஏறி அகலமாகப் பார்க்க வேண்டும் என்றும் கொழும்பில் சொல்லித்தான் தந்தார்கள். அதையும் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.

யுத்த நிறுத்தத்தோடு வந்த சமாதானம் முடிந்துவிட்டது என்று எவரும் வாயால் சொல்லாத காலம் அது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் தெரியும். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில் புதிது புதிதாகச் சோதனைச் சாவடிகள் முளைத்தன. கடலுக்குப் போக பாஸ், திரும்பி வந்தால் அதற்கொரு கையெழுத்து. தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள் கரையில் குடிசை போட்டு இருந்த வாடிகளின் பக்கம் காவலரண்கள் வந்தன. ஆட்கள் மெதுவாகக் கதைக்கப் பழகியிருந்தார்கள். கதவைத் தட்டினால் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ நின்றுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குடும்பநல மருத்துவமாது அலுவலகத்துக்கு வந்தார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. எங்களைவிட வேகமாகத் தமிழ் கதைப்பார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை நங்கி, தங்கச்சி, என்பார். குடையை மடக்கக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"நங்கி, கற்பிட்டிக்கு அங்கால ஒரு வாடி இரிக்கிதானே. அங்க ரெண்டு பேருக்கு வாயெல்லாம் எரிஞ்சு புண்ணாகி, சத்தியெடுத்துக்கொண்டே இரிக்காங்க. சாதாரண சாப்பாட்டுக் கோளாறு மாதிரி இல்ல. நீங்க வந்து பாத்துட்டு, அந்தக் கொம்பியூட்டர்ல ஒருக்காத் தேடிப் பாருங்க."

என்னைத் தேடி வந்து கேட்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. படிவங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பத்துப் பன்னிரண்டு ஓலைக் குடிசைகள். கரையில் காயப்போட்ட கருவாடு இல்லை, படகுகள் கவிழ்ந்து கிடந்தன. நூறு யார் தூரம் தள்ளி, மணல் மூட்டை அடுக்கிய கடற்படைக் காவலரண். நாங்கள் போன குடிசையின் கதவு நண்பகலிலும் சாத்தியிருந்தது. ஜன்னலைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். உள்ளே அண்ணன் தம்பி இருவர் பாயில் கிடந்தார்கள். நாக்கு இரண்டும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது. தம்பியிடம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். பதில் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று காத்திருந்தேன். அவர் தூங்கியிருந்தார்.

அக்கா அவர்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வாகனம் பிடித்தார். தம்பியின் மனைவி மட்டும் வீட்டில் நின்றாள். என்னைவிட இளையவள். மடியில் மூன்று மாதப் பெண்பிள்ளை. அவளுக்கும் தொண்டை கொஞ்சம் எரிகிறது என்றாள், அவ்வளவுதான். பிள்ளை கையைக் காலை அடித்துக்கொண்டு கொழுகொழுவென்று கிடந்தது. என் பேனையைப் பிடித்து இழுத்தது.

நான் படிவத்தை விரித்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று நானே அச்சடித்து வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். "சோறா, பாணா, மீனா, இறைச்சியா?"

அவள் கதவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "மீன்தான் மிஸ். சனிக்கிழமை கறி வச்சம்."

"என்ன மீன்?"

"சும்மா... கலந்த மீன்."

கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, மீன் பெயர் தெரியாமல் கறி வைப்பாளா? பத்து அடி தூரத்தில் வைத்தே செதிலைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்த இடத்தில் நான் பேனையைக் கீழே வைத்திருக்க வேண்டும். நானோ 'மீன்' என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

நாங்கள் எழும்பும்போது அவள் கேட்டாள்: "மிஸ், எனக்கும் வாய் எரியிதே. புள்ளைக்குப் பால் குடுக்கலாமா?"

அக்கா வெளியே வாகனக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது நான்தான். முகாம்களில் நூறு தாய்மாருக்குச் சொல்லிப் பழகிய பதில் அது. "ஓம், ஓம், கட்டாயம் குடுங்க. என்ன வருத்தம் வந்தாலும் பாலை மட்டும் நிப்பாட்டக் கூடாது. ஒரு நேரமும் விடாதீங்க."

அவளுடைய முகம் தெளிந்தது. நானும் நிம்மதியாகத்தான் வந்தேன்.

எங்கள் அலுவலகத்துக் கணினிக்கு இன்டர்நெட் இல்லை. சந்தியில் ஒரு நானாவின், எங்கள் முஸ்லிம் வழக்கில் அண்ணன் முறைக்காரரின், தொலைபேசிக் கடை. அங்கே பின்னறையில் ஒரு கணினி. அதற்கும் தொலைபேசிக்கும் ஒரே லைன்தான், யாராவது அழைப்பு எடுத்தால் என் தேடல் அறுந்துவிடும். சீமெந்து லொறி போகும்போதெல்லாம் மேசை அதிரும். விசைப்பலகையில் எப்போதும் மெல்லிய தூசு. நானா என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். நான் உள்ளே இருந்தால், அழைப்பெடுக்க வருபவர்களை, "கொஞ்சம் இரிங்க, உள்ள டொக்டர்ட வேல நடக்குது" என்று நிறுத்தி வைப்பார்.

கொப்பியில் தேடலின் முதல் வரியாக 'மீன்' என்று எழுதினேன். அதோடு மீனுக்குரிய தலைப்புகள் எல்லாம். இரண்டாவது வரி நஞ்சு. மூன்றாவது வாய்ப்புண், நான்காவது தூக்கம். மூன்றையும் நான்கையும் போட்டதும் பட்டியல் சுருங்கியது. நான் மகிழ்ந்தேன். வந்தவற்றைத் திறந்து பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. மீன் நஞ்சென்றால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே காட்டிவிடும், உதடு மரத்துப்போகும், கைகால் விறைக்கும். இங்கேயோ, தம்பியின் மனைவி சொன்ன கணக்கில், இரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கியிருக்கிறது. வாயில் புண், நாக்கில் வெள்ளை, பிறகு அந்தத் தூக்கம்.

புதன்கிழமை மறுபடியும் உட்கார்ந்தேன். மீன் இல்லையென்றால் மீனை எடுத்துவிட்டு ஒரு படி மேலே ஏறி, கடலில் கிடைக்கும் எல்லா உணவையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். முறை அதுதான். நான் ஏறவில்லை. பக்கவாட்டில் தாவினேன். வாய்ப்புண்ணுக்குக் களைநாசினியும் காரணமாகலாம் என்று ஒரு கட்டுரையில் கண்டேன். கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களுக்கு மருந்தடிக்காத நாள் உண்டா? கிணற்றில் இறங்கியிருக்கிறது, இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வைத்தியரிடம் போய் அதைப் பெரிய ஆராய்ச்சி போல விளக்கினேன். அவர் தலையாட்டி, நாளைக்குப் போய் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளும் அவள் நான் சொன்னபடி ஒரு நேரமும் விடாமல் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை நான் தனியாக வாடிக்குப் போனேன். அக்கா ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு ஆண்களோடு நின்றார். தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். பிள்ளை தூங்கியது.

"எப்பிடி இரிக்கா?" என்று கேட்டேன்.

"நல்ல புள்ள மிஸ். நேத்தையிலயிருந்து அழுறதே இல்ல. குடிச்சிட்டுப் படுத்தா எழுப்பினாத்தான் எழும்புது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். தொந்தரவு தராத பிள்ளை என்று அதன் கன்னத்தையும் தட்டினேன்.

போத்தலில் தண்ணீர் பிடிக்கும்போது கிணற்றுக்கட்டில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. தண்ணீரில் எச்சமிட்டுவிடும் என்று சூ சூ என்று விரட்டினேன்.

"வெரட்டாதீங்க மிஸ்," என்றாள் அவள். "அதுகள்ட்டக் கேட்டிருந்தா எங்களுக்கு இது வந்திரிக்காது."

"என்ன கேக்கிறது?"

அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே, காவலரண் பக்கம் பார்த்துப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சனிக்கிழமை வலையில் பட்டது மீன் இல்லை, ஆமை. கடலுக்கு விடாமல் பாஸை நிறுத்திவைத்திருந்த கிழமை, வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லை. ஆமை பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் எப்போதாவது வலையில் பட்டால் அறுப்பார்கள். அறுத்ததும் முதல் வேலையாக ஈரலை எடுத்துக் கரையில் போடுவார்கள். காகம் தின்றால் இவர்கள் சமைப்பார்கள். காகம் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் போனால், அவ்வளவு இறைச்சியையும் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

"இந்த முற ஏன் போடல்ல?"

அவள் தாடையால் மணல் மூட்டைகளைக் காட்டினாள். "கரையில ஈரல் போட்டாக் காகம் கூடும். காகம் கூடினா அவங்களும் என்னண்டு பாக்க வருவாங்க. வந்தா ஆம்பிளையளக் கூட்டிட்டுப் போயிருவாங்களோ எண்டு பயம். கதவச் சாத்திட்டு உள்ளுக்கே அறுத்தம்."

"எனக்கு ஏன் மீன் எண்டு சொன்னீங்க?"

"நீங்க வாசிச்சதுல ஆம இல்லையே மிஸ். அதோட நீங்க முஸ்லிம் ஆக்கள். சொன்னா அருவருத்து எழும்பிப் போயிருவீங்க எண்டு நெனச்சன்."

காகத்தின் சோதனையை வைத்தியம் ஒப்புக்கொள்ளாது. காகம் தின்றதை நம்பியும் ஆட்கள் செத்திருக்கக்கூடும். ஆனாலும் சாப்பிடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டென்று அந்த வாடிக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் பயிற்சி எடுத்த எனக்கு அது தெரியவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். அப்போதும் நான் பயந்தது அந்த இரண்டு ஆண்களுக்காகத்தான்.

பஸ் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி ஏறினேன். பாலாவிக்கு வரும்போது பின்னேரம் ஆகிவிட்டது. கடையில் மூன்று பேர் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். "நானா, லைனை எனக்குத் தாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தொலைபேசியை லைனிலிருந்து கழற்றி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆமை. நஞ்சு. இரண்டே சொல். கோர்க்கவும் இல்லை, கிளை இறங்கவும் இல்லை. பட்டியல் முதல் திரையிலேயே வந்தது. தூரத்துத் தீவுகளிலிருந்து யார் யாரோ எழுதிய சின்னச் சின்ன அறிக்கைகள். வெள்ளை நாக்கு இருந்தது. வாய்ப்புண் இருந்தது. நாள் கழித்துத் தொடங்குவதும், கதைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவதும் இருந்தன. மாற்று மருந்து இல்லை என்றும் இருந்தது. அதற்குக் கீழே, பால் குடிக்கும் பிள்ளைகளைப் பற்றி இருந்தது. தாய் தின்றது பாலில் இறங்கும். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் பிள்ளை தூங்கத் தொடங்கும்.

அந்த இடத்தை மூன்று முறை வாசித்தேன். தோளில் கிடந்த பிள்ளையின் தலை, நான் தட்டும்போது ஒரு பக்கமாகச் சரிந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நானா தொலைபேசியை மறுபடி மாட்டி, ஆஸ்பத்திரிக்கு அழைத்து அக்காவைப் பிடித்துத் தந்தார். "பாலை நிப்பாட்டுங்க, புள்ளய உடனே எடுத்துட்டு வாங்க" என்று கத்தினேன். அக்கா அப்படியே ஸ்கூட்டரில் வாடிக்குப் போயிருக்கிறார். பிள்ளையை எழுப்ப முடியவில்லை. அந்த நேரத்தில் வாகனம் ஏது? நேரே காவலரணுக்கு நடந்துபோய்ச் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அவர்கள் தங்கள் ஜீப்பைக் கொடுத்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர்களில் எவரும் கேட்கவில்லையாம். வழியில் தாய் பிள்ளையின் வாயில் மார்பை வைக்கப் பார்த்தபோது அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். விளக்கம் சொல்ல நேரம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியுமுன் பிள்ளை போய்விட்டது.

ஆண்கள் இருவரும் மெல்ல மெல்லத் தேறி வீடு வந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வாடியில் அவருக்கு எவரும் கதவு திறப்பதில்லை. கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். சிங்கள மிஸ் ஜீப்போடு வந்தாள், பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க விடவில்லை, அதனால்தான் பிள்ளை செத்தது என்று ஒரு கதை பரவியிருந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதை எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

"நங்கி, நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்கட கொம்பியூட்டர்ல வந்தத நீங்க போய் அந்தத் தாய்க்குச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"கட்டாயம் சொல்றன் அக்கா," என்றேன். நானா அச்சடித்துத் தந்த இரண்டு தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

குடிசைக் கதவு இந்த முறை திறந்திருந்தது. அவள் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் வைத்தாள். அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் இன்னும் சுரந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததைக் கண்டு துவாயை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் கணக்குக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவளாகவே தொடங்கினாள்.

"நீங்க சொன்ன மாதிரியே குடுத்தன் மிஸ். ராவு பகல் ஒரு நேரமும் விடல்ல. தூங்கினாலும் எழுப்பி எழுப்பிக் குடுத்தன்."

நான் தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

"கடைசியில அந்த அக்காதான் குடுக்க விடல்ல. கையப் புடிச்சிட்டா. அதாலதானா மிஸ்? நீங்க படிச்ச ஆள், சொல்லுங்க. அண்டைக்கிக் குடுத்திருந்தாத் தப்பியிருக்குமா?"

கைப்பை என் மடியில்தான் இருந்தது. திறந்தால் போதும். அக்காவைக் காப்பாற்ற வேண்டுமென்றால், உன் பாலில்தான் இருந்தது, கொடு கொடு என்று சொன்னவள் நான் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் பயந்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. எனக்காகத்தான் பயந்தேன். அக்கா அந்த வருடமே மாற்றம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார், நான் என்ன சொன்னேன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தாள் இரண்டும் அந்தப் பழைய கொப்பிக்குள் இன்னும் இருக்கின்றன.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது," என்றேன். "தேடிப் பாத்துச் சொல்றன்."